போரான் ராணியின் சடை

யதுல்லா யாரையும் நம்பமாட்டார். ஏன் என்று கேட்டால், கேட்கிறவனையும் சேர்த்து நம்பமாட்டார். ஹமதான் நகரின் கடைவீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் ஆட்டுத்தலையும் காலும் வேகவைத்து விற்கிற கடை அவருடையது. கறிக்காரன் தலைகளைக் கொண்டுவந்து இறக்கினால் ஒவ்வொன்றையும் தூக்கி, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் அண்டாவில் போடுவார்.

"இன்னிக்கு அறுத்தது உஸ்தா. என் கண்ணு முன்னாடி அறுத்தது" என்பான் கறிக்காரன்.

"உன் கண்ணை நான் எங்க போய்த் தேடறது? ஆட்டோட கண்ணு இதோ இருக்கு. அது சொல்லட்டும்."

ஆட்டின் கண் கலங்கியிருந்தால் தலை வந்த வழியே திரும்பிப் போய்விடும். கடையில் அகப்பையை அவரைத் தவிர வேறு கை தொட்டதில்லை. பனி வரும் என்று வானொலியில் சொன்னால், வாசலுக்கு வந்து அல்வந்த் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கம்பளிக் கோட்டை மாட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். பெயர் மாஹ்ருக். மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் அறையில் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் குறைவில்லை, யதுல்லாதான் ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினார். ஒருவன் அதிகமாகச் சிரித்தான். ஒருவன் சிரிக்கவே இல்லை. இன்னொருவன் புதுச் செருப்போடு வந்தான், பழைய செருப்பை எதற்காக மறைக்கிறான் என்று இவருக்குத் தோன்றிவிட்டது.

இந்த முறை ஆளை மாஹ்ருக்கே பார்த்துவிட்டாள். மின்வாரியத்தில் வேலை செய்கிற கியூமர்ஸ். தாயில்லாத பையன்.

"பாபா, ஆளை நான் பாத்தாச்சு. நீங்க பல்லை மட்டும் பாருங்க" என்றாள் அப்பாவிடம். "இதையும் தட்டிவிட்டீங்கன்னா, இனிமே டீத்தட்டைத் தூக்கிட்டு எவன் முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன். அந்தத் தட்டைப் பரண்ல போட்டுடுவேன்."

சொன்னால் செய்கிற பெண். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று யதுல்லாவுக்குத் தெரியும். அதனால்தான் பயந்தார்.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கியூமர்ஸ் தன் அப்பாவோடு பெண் கேட்டு வந்தான். அப்பாவின் பெயர் ஜஹான்பக்ஷ். கடைவீதியில் பழைய காசு, தபால்தலை, ஜெபமாலை, வெள்ளிச் சாமான் விற்கிறவர். அதைக் கேட்டதுமே யதுல்லாவுக்கு முகம் சுருங்கியது. பழைய சாமான் விற்கிறவன் எதையும் வாங்கும்போது குப்பை என்பான், விற்கும்போது பொக்கிஷம் என்பான். இரண்டில் ஒன்று பொய்தானே.

மாஹ்ருக் டீ கொண்டுவந்தாள். தட்டு ஆடவில்லை. கியூமர்ஸின் கைதான் ஆடியது, சர்க்கரைக் கட்டி கம்பளத்தில் விழுந்தது. யதுல்லா அதைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். ஏமாற்ற வந்தவனுக்குக் கை ஆடாது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை குல்நிஸா வாயைத் திறந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறாள். அண்ணன் மனைவி இறந்ததிலிருந்து இந்த வீட்டையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"நீங்க பழைய காசு வியாபாரமாமே. எங்க அண்ணிகிட்ட ஒரு காசு இருந்துச்சு. அவங்க அம்மா குடுத்தது. மாஹ்ருக்குக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாங்க. வருஷா வருஷம் நவ்ரோஸ் விரிப்புல வெப்போம். காட்டுங்களேன் தாதாஷ்."

அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வந்தவர் முன்னால் மறுக்க முடியுமா? உள்ளே போய்த் தகர டப்பாவிலிருந்து பச்சைத் துணி முடிச்சை எடுத்துவந்தார்.

காசு அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது. அகலமாக, வெங்காயத் தோலை விடக் கொஞ்சம் தடிமனாக, விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. ஜஹான்பக்ஷ் அதைக் கையில் வாங்கினார். டீயைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். கல்யாணப் பேச்சுக்கு வருகிறவன் பூதக்கண்ணாடியோடு வருவானா என்று யதுல்லா மனதில் குறித்துக்கொண்டார்.

"இது யார் தெரியுமா உஸ்தா?"

"கிரீடம் வெச்ச ஒரு பொம்பளை. என் பொண்டாட்டி சொல்லியிருக்கா."

"வெறும் பொம்பளையா? குஸ்ரோ பர்வேஸ் மகாராஜாவோட மகள். போரான் ராணி. இதோ பாருங்க, ரெண்டு பக்கமும் சடை தொங்குது. பின்னாடி நெருப்பு மேடை, ரெண்டு பக்கமும் ரெண்டு காவல்காரங்க. நம்ம மண்ணு இஸ்லாத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால அடிச்ச காசு."

"பொம்பளைக்கு எப்படி சிம்மாசனம் குடுத்தாங்க?" என்று குல்நிஸா கேட்டாள்.

"ஆம்பளை மிஞ்சலைம்மா. அதுதான் விஷயம். அப்பனைச் சிறையில போட்டுக் கொன்னது சொந்த மகன். அதோட விட்டானா, கூடப்பிறந்தவங்க அத்தனை பேரையும் தீர்த்தான். கொஞ்ச மாசத்துல கொள்ளைநோய் வந்து அவனும் போனான். அவனுக்கு ஒரு சின்னப் பையன், அவனை உக்கார வெச்சாங்க. ஒரு தளபதி படையோட வந்து குழந்தையையும் முடிச்சிட்டுத் தானே உக்காந்தான். அந்த ஆளையும் கொஞ்ச நாள்ல குத்திப் போட்டாங்க. அப்புறம் தேடிப் பாத்தா அரச ரத்தத்துல ஆம்பளையே இல்லை. இவதான் இருந்தா."

"நல்ல குடும்பம்" என்றார் யதுல்லா. "ஒருத்தனை ஒருத்தன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தா நாலு பேராவது பிழைச்சிருப்பான்."

கியூமர்ஸ் சிரித்தான். மாஹ்ருக் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சிரிப்பு நின்றது.

"அவ நல்லவ உஸ்தா. வரியைக் குறைச்சா, இடிஞ்ச பாலத்தைக் கட்டினான்னு சொல்றாங்க. ரெண்டு வருஷம் முழுசா ஆள விடலை. நோயில போனாங்கிறான் ஒருத்தன், மூச்சை அடைச்சுக் கொன்னாங்கங்கிறான் இன்னொருத்தன்."

"நோயெல்லாம் நம்பாதீங்க. மூச்சைத்தான் அடைச்சிருப்பாங்க."

"இருக்கலாம். ஆண்டது கொஞ்ச நாள், அதனால காசும் கொஞ்சம். நான் படத்துலதான் பாத்திருக்கேன். கையில தொடுறது இன்னிக்குத்தான்." ஜஹான்பக்ஷ் எழுந்தார். "ஒரு நிமிஷம் வெளிச்சத்துல பாக்கறேன்."

ஜன்னலுக்குப் போனார். அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லமுடியாது. முதுகுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு நேரம் நீளம். யதுல்லா அந்த முதுகையே பார்த்தார். முழங்கை இரண்டு முறை அசைந்தது.

திரும்பி வந்தபோது ஜஹான்பக்ஷின் கண் ஈரமாக இருந்தது. "என்ன அழகு. என்ன அழகு" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளை அழகு என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். மனம் வேண்டாம் என்றாலும் நாக்கு சொல்லிவிடும்.

"பேஷ்கேஷ். உங்களுடையதுதான், எடுத்துக்குங்க" என்றார் யதுல்லா.

"ஐயோ, அது உங்ககிட்ட இருக்கிறதுதான் அழகு" என்று ஜஹான்பக்ஷும் சொல்லவேண்டியதைச் சொல்லி, காசைப் பச்சைத் துணியில் வைத்து முடிந்து கொடுத்தார். முடிந்தது அவர் கை. யதுல்லா பிரித்துப் பார்க்கவில்லை. சம்பந்தி முன்னால் முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? அப்படியே டப்பாவில் போட்டார். அன்றைக்கே கல்யாணம் பேசி முடிந்தது. இனிப்பு சாப்பிட்டார்கள். நவ்ரோஸ் கழிந்து வருகிற நல்ல நாளில் நிக்காஹ்.

பிறகு வீட்டையே குலுக்கிச் சுத்தம் செய்யும் நாட்கள் வந்தன. நவ்ரோஸுக்கு முன்னால் ஹமதானில் எந்த வீட்டிலும் ஆண்களுக்கு இடமில்லை. கம்பளங்கள் மாடிச்சுவரில் தொங்கும், திரைச்சீலைகள் தொட்டியில் ஊறும், அலமாரிகள் முற்றத்தில் வயிறு திறந்து நிற்கும். குல்நிஸா சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். செப்பு, பித்தளை, வெள்ளி என்று எதுவும் அவள் கைக்குத் தப்பவில்லை. யதுல்லா கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே உறங்கி, பண்டிகைக்கு முந்தின நாள் மாலை வீடு வந்தார்.

கூடத்தில் விரிப்பு தயாராக இருந்தது. முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், சுமாக், வினிகர், கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிவப்பு மீன். நடுவில் ஒரு சின்னத் தட்டில் காசு.

காசு வெள்ளையாக இருந்தது.

சும்மா வெள்ளை இல்லை, பளபளவென்று, நேற்று அடித்த காசு மாதிரி. யதுல்லா குனிந்தார். கிரீடம் இருந்தது, முகம் இருந்தது, சடை இருந்தது. எல்லாம் இருந்தது. அவர் மனைவியின் காசுதான் இல்லை. இத்தனை வருடம் அவர் பார்த்தது கறுத்த முகம். இவள் யாரோ.

"எப்படி இருக்கு தாதாஷ்?" என்று குல்நிஸா பின்னாலிருந்து கேட்டாள். குரலில் ஒரு பெருமை. "பாத்தீங்களா, எப்படி மின்னுதுன்னு?"

யதுல்லா சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் செய்கிறாளா? காசைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது இவள்தானே.

"நல்லா இருக்கு" என்றார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

குல்நிஸாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அதையும் யதுல்லா குறித்துக்கொண்டார்.

அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான். ஆட்டுத்தலை மாறினால் கண்டுபிடிக்கிற மனிதருக்குக் காசு மாறினால் தெரியாதா? ஜன்னல், முதுகு, இரண்டு முறை அசைந்த முழங்கை, தானே போட்ட முடிச்சு. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்னொரு எண்ணமும் வந்தது, அதுதான் அதிகமாகக் கொத்தியது. நான்தானே பேஷ்கேஷ் என்றேன்? ஒருவேளை அந்த ஆள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, மரியாதைக்குப் புதுசாக ஒன்றை வைத்துவிட்டுப் போனானோ? அப்படியானால் திருட்டு என்றும் சொல்லமுடியாது. கொடுத்தேன், எடுத்தான். ஊர் சிரிக்கும்.

பண்டிகையின் மூன்றாம் நாள் ஜஹான்பக்ஷும் கியூமர்ஸும் பார்க்க வந்தார்கள். யதுல்லா அவர்களை விரிப்புக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். காசுத் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். பொறிதான்.

ஜஹான்பக்ஷின் கண் காசில் விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து மீன் தொட்டிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"மீன் நல்லா இருக்கு" என்றார்.

"பேஷ்கேஷ்" என்றார் யதுல்லா. "அதையும் எடுத்துக்குங்க."

ஜஹான்பக்ஷ் பிஸ்தாவைக் கையில் எடுத்தார், உடைக்காமலே வைத்துவிட்டார். பேச்சு ஓடவில்லை. பனி பற்றிப் பேசினார்கள், சாலை பற்றிப் பேசினார்கள். காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போன தடவை அதைப் பார்த்துக் கண் கலங்கிய ஆள் இந்தத் தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர்கள் போனதும் யதுல்லா மகளிடம் சொன்னார்: "இந்தக் கல்யாணம் நடக்காது."

மாஹ்ருக் தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "காரணம்?"

"எனக்குத் தெரியும்."

"கட்டிக்கப் போறது நீங்களா?"

"சொன்னா சொன்னதுதான்."

"கியூமர்ஸ் என்ன பண்ணினார்? அதையாவது சொல்லுங்க."

"அவன் ஒன்னும் பண்ணலை."

"அப்போ யார் பண்ணினது?"

யதுல்லா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே கியூமர்ஸுக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தார். திரும்பி வந்தபோது டீத்தட்டு பரணில் இருந்தது. குல்நிஸா அதற்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாஹ்ருக் அழவில்லை. அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள், ரொட்டியை மடித்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் ஊரே ஆற்றங்கரைக்குக் கம்பளம் தூக்கிக்கொண்டு போனபோது, அவள் அன்றைய முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பண்டிகை முடிந்து கடைவீதி திறந்த நாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. யதுல்லாவின் கடையில் நல்ல கூட்டம். ஜஹான்பக்ஷ் உள்ளே வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்தார்.

"ஒரு நாக்கு, ஒரு கன்னம், கொஞ்சம் சாறு, உஸ்தா."

யதுல்லா எடுத்து வைத்தார். எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். வாசல்வரை வந்தவனுக்குச் சோறு இல்லை என்று சொல்லமுடியாது.

ஜஹான்பக்ஷ் ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் போட்டார். சாப்பிடவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"உஸ்தா, நான் ஒன்னு சொல்லணும். கோபப்படாதீங்க. எனக்கு விஷயம் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"மனுஷனுக்கு முடை வரும். அதுவும் கல்யாணம் வர்ற வீடு. அதுல ஒரு வெட்கமும் இல்லை. ஆனா அதுக்காகப் பிள்ளைங்களைப் பிரிக்கலாமா? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், எங்கிட்ட வந்திருக்கலாமேங்கிறதுதான். வேற எவன்கிட்டயோ வித்திருக்கீங்க."

யதுல்லாவின் அகப்பை அண்டாவின் மேலேயே நின்றது. "எதை வித்தேன்?"

"ராணியை. வித்துட்டு ஒரு போலியை வெச்சிருக்கீங்க. அன்னிக்கு விரிப்புல பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. உங்க முகத்தைப் பாக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அதான் மீனைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் வித்தேனா?" யதுல்லாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஜன்னல்கிட்ட போய் முதுகைக் காட்டிட்டு நின்னது நீ. முடிச்சுப் போட்டது நீ. மாத்தி வெச்சது நீ. இப்போ என் கடையில உக்காந்து என் நாக்கைத் தின்னுக்கிட்டு, நான் வித்தேன்கிற?"

"இன்னும் தின்னலை" என்றார் ஜஹான்பக்ஷ். பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. எழுந்து நின்றார். "நான் திருடினேனா? அதனாலதான் கல்யாணத்தை நிறுத்தினீங்களா?"

பக்கத்து மேசையில் மூளையை ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்த சுமைகூலிக்காரர் ஒருவர், "ரெண்டு பேரும் ஒன்னு பண்ணுங்க. போய்க் காசைக் கேளுங்க. அது சொல்லட்டும்" என்றார். கடையே சிரித்தது. யதுல்லா கறிக்காரனிடம் சொல்கிற வார்த்தை அது, ஊருக்கே தெரியும்.

யதுல்லா தணலை மூடினார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அகப்பையை இன்னொருவர் கையில் கொடுத்தார். சுமைகூலிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு விழித்தார். இரண்டு கிழவர்களும் வீட்டுக்கு நடந்தார்கள். ஒருவர் முந்தினால் மற்றவர் எட்டிப் போட்டார். சந்து குறுகலான இடத்தில் தோள் இடித்தது, ஆனாலும் ஒருவரும் பின்னால் வரச் சம்மதிக்கவில்லை.

குல்நிஸா முற்றத்தில் துணி உதறிக்கொண்டிருந்தாள். "அந்தக் காசைக் கொண்டா" என்றார் யதுல்லா. அவள் கொண்டுவந்தாள். வெயிலில் அது கண்ணைக் குத்தியது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்து வரும்? டப்பாவுலேருந்துதான்."

"டப்பாவுல இருந்தது கறுப்பு."

"ஆமா. நான்தான் தேய்ச்சேன்." குல்நிஸாவுக்குத் திடீரென்று அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "சாம்பலும் வினிகரும் போட்டு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்ச்சேன். விரல்ல தோல் போயிடுச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க பண்டிகைக்கு வர்றாங்க, கல்யாணப் பொண்ணு இருக்கிற வீட்டுல வெள்ளிக்காசு கரிக்கட்டையா இருந்தா என்ன நினைப்பாங்க? நல்லா மின்னுதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? நல்லா இருக்குன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க."

இரண்டு ஆண்களும் காசையே பார்த்தார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார் யதுல்லா கடைசியில்.

"நீங்க ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்வேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர் ஜஹான்பக்ஷ் பக்கம் திரும்பினார். "இவளை இப்படிச் சொல்லச் சொன்னது நீங்களா?"

ஜஹான்பக்ஷ் பூதக்கண்ணாடியை எடுத்தார். காசைக் கண்ணருகே கொண்டுபோனார். விளிம்பைப் பார்த்தார், நெருப்பு மேடையைப் பார்த்தார், திருப்பினார். அங்கேயே நின்றார். பிறகு காசையும் கண்ணாடியையும் யதுல்லாவிடம் நீட்டினார். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை.

"சடையைப் பாருங்க உஸ்தா."

யதுல்லா பார்த்தார். ராணியின் இரண்டு சடைகளிலும் பின்னலுக்கும் பின்னலுக்கும் நடுவே, துணியின் நுனி நுழையாத இடத்தில், பழைய கரி அப்படியே இருந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகள்.

"போலி பண்றவன் இந்தக் கறுப்பை இப்படி வைக்க முடியாது" என்றார் ஜஹான்பக்ஷ். "அவதான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல போட்டிருந்த முக்காட்டை ஒரே காலையில உரிச்சுட்டாங்க." அவர் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "மூக்கே பாதி போயிடுச்சு. எந்த ராஜா கையிலயும் இவ இந்தப் பாடு பட்டிருக்கமாட்டா."

"அழுக்கு போனதுக்கா அழறார்?" என்று குல்நிஸா அண்ணனைக் கேட்டாள்.

அப்போதுதான் யதுல்லா மாஹ்ருக்கைக் கவனித்தார். வேலைக்குக் கிளம்பிக் கைப்பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"இதுக்குத்தானா பாபா?"

அவர் பூதக்கண்ணாடியை ஜஹான்பக்ஷிடம் நீட்டினார்.

"அத்தை அதைத் தேய்க்கும்போது நான் பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த நிமிஷமே முடிஞ்சிருக்கும்." குரல் உயரவே இல்லை. "ஏன் கேக்கலை? நானும் கூட்டுன்னு நினைச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் யதுல்லா நினைத்திருந்தார். ஆளை இவள்தானே பார்த்தாள், காசு எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியுமே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நினைத்திருந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. தரையைப் பார்த்தார்.

மாஹ்ருக் தலையை ஆட்டினாள். பிறகு ஜஹான்பக்ஷிடம், "கியூமர்ஸை வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. தட்டைப் பரண்லேருந்து இறக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். யதுல்லா வாசல்வரை போய் வரவேற்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் இல்லாதது. ஒரு பெரிய சட்டி நிறைய நாக்காக எடுத்து வைத்து, ஜஹான்பக்ஷின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஜஹான்பக்ஷுக்குப் புரிந்தது. அவ்வளவு நாக்கை யதுல்லா கடையில் எந்த மனிதனும் ஒரே நாளில் பார்த்ததில்லை.

நிக்காஹ் அதே கூடத்தில் நடந்தது. விரிப்பு, கண்ணாடி, இரண்டு மெழுகுவர்த்தி, தேன் கிண்ணம். கண்ணாடிக்கு முன்னால் காசை வைக்கச் சொன்னது மாஹ்ருக். அம்மா இருக்கவேண்டிய இடம் என்றாள். விரிப்பைச் சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம், யதுல்லாவுக்கு முகம் தெரியாதவர்கள். மணமக்கள் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துச் சர்க்கரைக் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குனியும்போதெல்லாம் அவர்கள் உடையின் நுனி காசை உரசியது.

மவுலவி முதல் தடவை மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டார்.

"பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா" என்று பெண்கள் சத்தமாகச் சொன்னார்கள். சிரிப்பு.

இரண்டாம் தடவை கேட்டார்.

"பொண்ணு பன்னீர் எடுத்துவரப் போயிருக்கா."

நீலச் சட்டைக்காரி ஒருத்தி மெழுகுவர்த்தியைச் சரிசெய்ய விரிப்பில் கையை நீட்டினாள். கை காசுக்குப் பக்கத்தில் போனது. யதுல்லா கழுத்தை நீட்டினார். கை திரும்பி வந்தது. விரல்கள் மடங்கியிருந்தனவா? காசு இருந்த இடத்தில் ஒரு காசு இருந்தது. அதே காசா? சடையில் கறுப்பு இருக்கிறதா? மெழுகுவர்த்தி வெளிச்சம் ஆடியதில் தெரியவில்லை. அவர் ஓர் அடி முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கிக் குனிந்தார்.

மூன்றாம் தடவை மவுலவி கேட்டது அவர் காதில் விழுந்தது. மூன்றாம் தடவை பெண் பதில் சொல்ல வேண்டும். அப்பாவை நிமிர்ந்து பார்த்து, அவர் தலையசைத்ததும், 'என் அப்பாவின் அனுமதியோடு' என்று தொடங்கிச் சொல்ல வேண்டும்.

மாஹ்ருக் நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். சர்க்கரை தேய்க்கும் கை நின்றது. கூடம் முழுக்க அமைதியானது. அந்த அமைதியில்தான் யதுல்லாவுக்குச் சடையில் கறுப்புக் கோடு தெரிந்தது. அப்பாடா என்று அவர் தலையைத் தூக்கினார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் பார்க்கவில்லை. முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சம்மதம்" என்றாள். அவ்வளவுதான். முன்னால் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். மிட்டாய் பறந்தது. ஜஹான்பக்ஷ் வந்து யதுல்லாவின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

மாலையில் பூச்சுற்றிய கார் வாசலில் நின்றது. குல்நிஸா தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக இருந்தாள், கார் நகர்ந்ததும் பின்னால் கொட்ட. மாஹ்ருக் எல்லோரையும் முத்தமிட்டுவிட்டுக் கடைசியாக அப்பாவிடம் வந்தாள். அவர் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் எதையோ வைத்தாள். சில்லென்று இருந்தது.

"பேஷ்கேஷ் பாபா" என்றாள். "நீங்களே வெச்சுப் பாத்துக்கிட்டிருங்க."

அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஹமதானில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அது உன்னிடம் இருப்பதுதான் அழகு. வாயில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவர் கை தானாக மூடிக்கொண்டது.

மாஹ்ருக் அந்த மூடிய கையைப் பார்த்தாள். சின்னதாகச் சிரித்தாள். காரில் ஏறினாள். குல்நிஸா தண்ணீரைக் கொட்டினாள். கார் சந்து திரும்பியது.

யதுல்லா தெருவிளக்கின் கீழே போய்க் கையை விரித்து, காசைக் கண்ணருகே கொண்டுபோனார். கறுப்பு இருந்தது. அவள்தான்.

பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.